மாடி எடுப்பதா, வீடு வாங்குவதா? அக்காவின் வாடகைக் கணக்கு

நாஞ்சிக்கோட்டை ரோட்டுப் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டைப் பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்டால், வரும் வாடகையே கடனை அடைத்துவிடும், கடைசியில் வீடு சும்மா கையில் நிற்கும் என்று தோன்றுகிறது. தஞ்சாவூரில் அப்படி நடக்காதுடி. சென்னையிலேயே நடப்பதில்லை. ஒரு தாளை எடு, எழுதிப் பார்ப்போம்.

விலை 41 லட்சம். பத்திரச் செலவு மொத்தம் 9 சதவீதம்: முத்திரைத் தீர்வையும் அதோடு சேர்ந்த வரியும் 7, பதிவுக் கட்டணம் 2. அதாவது 3 லட்சத்து 69 ஆயிரம் பத்திர ஆபீஸோடு போய்விடும். பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான், உனக்கு ஆகாது. ஆக, வீட்டின் அடக்கம் 44 லட்சத்து 69 ஆயிரம். 30 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் 25,093 கட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் 12,000 வாடகை கிடைக்கிறது என்றே வை. மிச்சம் 13,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் உன் சம்பளத்திலிருந்து போட வேண்டும். போட்ட முதலுக்கு வாடகை 3.2 சதவீதம்தான். வீடு காலியாகக் கிடக்கும் மாதம், வெள்ளையடிப்பது, மோட்டார் காயில் எரிவது எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

வட்டி 8-லேயே நிற்கும் என்றும் எண்ணாதே. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5-க்கு ஏற்றியது. அதே அளவு மறுபடி ஏறினால் உன் மாதத் தவணை ஏறக்குறைய 30,000. வாடகை அந்த வேகத்தில் ஏறாது.

“டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்” என்றாரே மாப்பிள்ளை

அது பழைய கதை. வாடகை வருமானத்துக்கு வரிக் கணக்குப் போடும் முறை எளிது. வருஷ வாடகையில் நீ கட்டிய சொத்து வரியைக் கழி. மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று அரசே தள்ளுபடி தருகிறது; பில் எதுவும் வேண்டாம், செலவே செய்யாவிட்டாலும் உண்டு. அதன் பிறகு வீட்டுக் கடன் வட்டி.

உன் வீட்டுக்குப் போட்டுப் பார். வாடகை 1,44,000. சொத்து வரி 4,000 என்று வைத்தால் மிச்சம் 1,40,000. அதில் 30 சதவீதம் 42,000 போக 98,000. முதல் வருஷம் நீ கட்டும் வட்டி சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம். கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரம் நஷ்டம். இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம் என்பதுதான் மாப்பிள்ளை சொன்னது. பழைய வரி முறையில் அது சரி, வருஷத்துக்கு 2 லட்சம் வரை. புதிய முறையில் வாடகை வருமானம் பூஜ்யமாகும் வரைதான் வட்டியைக் கழிக்க முடியும். அதற்கு மேல் உள்ள நஷ்டத்தைச் சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது.

“அப்படின்னா பழைய முறைக்கே போயிடறேன்” என்பாய். அதையும் பார்த்துவிட்டேன். சம்பளம் 15 லட்சம் என்றால், 2025-26 விகிதப்படி புதிய முறையில் வரி 97,500. பழைய முறையில் இந்த வீட்டு நஷ்டம், சேமிப்புக்கான 1.5 லட்சம், நிலைக் கழிவு 50,000 எல்லாவற்றையும் கழித்த பிறகும் 1,66,920. வரி மிச்சமாகும் என்று கடன் வாங்கும் காலம் போய்விட்டது. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறியிருக்கின்றன. இந்த அடிப்படை மாறவில்லை.

மாப்பிள்ளை பணத்தில் வாங்கி உன் பேரில் போட்டால் வரி குறையும் என்று யாராவது சொன்னால், நம்பாதே. கணவன் கொடுத்த பணத்தில் மனைவி பேரில் வாங்கிய வீட்டின் வாடகை கணவன் வருமானத்தோடுதான் சேரும்.

வாடகையைக் கையில் ரொக்கமாக வாங்கினால் யாருக்கும் தெரியாது என்பதும் அப்படித்தான். உன் வீட்டில் குடியிருப்பவர் ஆபீஸில் வீட்டு வாடகைப்படிக்குக் கழிவு கேட்டால், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உன் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. நெல் வயலைக் குத்தகைக்கு விட்டு வரும் பணம் விவசாய வருமானம், அதற்கு வரி இல்லை. அதே கையோடு டவுன் வீட்டு வாடகைக்கும் வரி இல்லை என்று பெரியவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு வாடகைக்கு வரி உண்டு.

சரி, நான் என்ன சொல்கிறேன்?

கரந்தையில் நம் அம்மா வீட்டில் மாடி எடு.

மனை வாங்க வேண்டாம், 9 சதவீதம் பத்திரச் செலவு வேண்டாம். 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றாலும் 17 லட்சத்து 60 ஆயிரம். வாடகை 9,000 வந்தால் வருஷத்துக்கு 1,08,000. முதலுக்கு 6 சதவீதத்துக்கு மேல், நாஞ்சிக்கோட்டை ரோட்டு வீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடன் வாங்கினாலும் சின்னதாக வாங்கிச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஆனால் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடு. அப்பா முன்பக்கத்தைப் பில்லர் போட்டுக் கட்டினார். பின்கட்டு பழைய செங்கல் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ். அது இன்னொரு தளத்தைத் தாங்காது. மாநகராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்காமல் எடுத்தால் வங்கிக் கடனும் கிடைக்காது, பின்னால் விற்கும்போதும் இடிக்கும். மாடிக்குத் தனிப் படி, தனி மின் இணைப்பு வைத்துவிடு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அந்த இணைப்புக்குத் தனியாக வரும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் குடியிருப்பவரோடு மல்லுக்கட்டும் வேலையும் மிச்சம்.

யார் பேரில் என்பதுதான் பெரிய விஷயம். வீடு அம்மா பேரில் இருக்கிறது. நீ கடன் வாங்கி மாடி எடுத்துவிட்டு, சொந்தக்காரியாக இல்லாமல் வட்டியைக் கழிக்க முடியாது. அதற்குப் பதில் அம்மாவுக்கு நீ பணத்தை வங்கி வழியாக அன்பளிப்பாகக் கொடு. மகள் அம்மாவுக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை. கணவன் மனைவிக்குச் சொன்னேனே, அந்தச் சேர்த்துப் பார்க்கும் விதியும் இங்கே கிடையாது. மாடி அம்மாவுடையது, வாடகை அம்மாவின் வருமானம். புதிய முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. அம்மாவின் குடும்ப பென்ஷனும் வாடகையும் சேர்ந்தாலும் அந்தப் பக்கமே போகாது. வாடகை அம்மா கணக்கில்தான் விழ வேண்டும், பேருக்கு அம்மாவாக இருக்கக் கூடாது.

இதில் உனக்கு என்ன பாதுகாப்பு? அம்மா எதுவும் எழுதி வைக்காமல் போனால் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. நீ போட்ட பணத்தில் எழுந்த மாடியில் எனக்கும் பங்கு வரும். நான் கேட்க மாட்டேன். என் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அதனால் மாடியையும் அதற்குரிய பிரிபடாத மனைப் பாகத்தையும் தன் காலத்துக்குப் பிறகு உனக்கு என்று அம்மா இப்போதே செட்டில்மென்ட்டோ உயிலோ எழுதட்டும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இல்லை, தனி வீடுதான் வேண்டும் என்றால்

மனையை முதலில் பார். கட்டிடம் அப்புறம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை மூன்று ஊரிலும் தெருத் தெருவாகக் கோவில் மனையும் மடத்து மனையும் இருக்கின்றன. கட்டிடம் ஒருவருடையது, கீழே இருக்கும் அடிமனை சாமியுடையது; மாதாமாதம் அடிமனை வாடகை ரசீது போடுவார்கள். அப்பா காலத்தில் அந்த வாடகை காபிக் காசுதான். இப்போது இந்து சமய அறநிலையத் துறை நியாய வாடகை என்று மறுநிர்ணயம் செய்கிறது, பாக்கியும் சேர்த்துக் கேட்கிறது. நீ வாங்கும் வாடகையில் பாதி அதற்கே போனால் என்ன மிச்சம்? அடிமனை வீட்டை “பட்டா மட்டும்தாங்க பாக்கி, வந்துடும்” என்று சொல்லித் தரகர்கள் காட்டுவார்கள். வராது. கோவில் சொத்தை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, பதிவும் செய்ய மாட்டார்கள், வங்கியும் கடன் தராது. விலை மலிவாக இருக்கிறதே என்று நின்றுவிடாதே, மலிவுக்குக் காரணமே அதுதான்.

வில்லங்கச் சான்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. அ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் யார் பேரில் இருக்கிறது, கோவில் பேர் வருகிறதா என்று பார். புலப்படத்தையும் வாங்கு. டவுனுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் நேற்றுவரை நடவு நட்ட வயலெல்லாம் இன்று நகர். வயலுக்குப் போன வாய்க்கால் காகிதத்தில் இன்னும் வாய்க்கால் புறம்போக்காகத்தான் இருக்கும். உன் சமையலறை அதன் மேல் உட்கார்ந்திருக்கலாம்.

மனைப்பிரிவு அப்ரூவல் இல்லாத இடம் என்றால் 2016-ஐ நினைவில் வை. அந்த வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை செய்த உத்தரவு நகல் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் பழைய வீடு வந்தால் எல்லோருக்கும் ஆசை வரும். சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடலாம், வாடகையும் நன்றாக வரும். ஆனால் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்கே இடமில்லை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். ரிப்பேருக்கும் அனுமதி வேண்டும். தாராசுரம் கோவிலைச் சுற்றியும் இதேதான். ஒழுகும் கூரையோடு வாங்கிவிட்டு மாற்ற முடியாமல் நின்றால் குடி வருபவர் யார்?

மண்ணையும் சொல்லிவிடுகிறேன். வல்லம் பக்கம் மேடு, செம்மண், அஸ்திவாரம் நிம்மதி. திருவையாறு, பாபநாசம் பக்கம் போகப் போக ஆற்று வண்டல். வயலை மேடாக்கிக் கட்டிய வீட்டில் நாலைந்து வருஷத்தில் சுவர் கீறும். ஐப்பசி மழையில் ஒரு நாள், முடிந்தால் சாயங்காலம், போய்த் தெருவைப் பார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது.

கடனும் ரொக்கமும்

விற்பவர் “பாதி வெள்ளை, பாதி கருப்பு” என்பார். ஒத்துக்கொள்ளாதே. நிலம், வீடு விற்பதற்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். உனக்கு நஷ்டம் பின்னால் வரும்: பத்திரத்தில் குறைவாகக் காட்டிய விலைதான் நீ விற்கும் நாளில் உன் அடக்க விலை. 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கிய வீட்டுக்கு விலைவாசி ஏற்றத்தைக் கழிக்கும் வசதியும் இல்லை, நேரே 12.5 சதவீத வரி.

வங்கி 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். அதற்காக அவ்வளவும் வாங்காதே. பத்திரச் செலவைப் பொதுவாக வங்கி கணக்கில் எடுக்காது, அது கையிலிருந்துதான். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் போனஸ் வந்தால் முதலில் அசலில் போடு. வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்காதே. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உனக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் வந்ததும் ரசீது ஆவணம் பதிந்து வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று பார்.

ஒத்தியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவது நம் ஊரில் சகஜம். மொத்தமாகப் பணம் வருவது சுகம், திருப்பித் தருவது துக்கம். அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கோ நகைக்கோ செலவழித்துவிட்டு, ஒத்தியைத் திருப்ப இன்னொரு ஒத்தி வைத்துக்கொண்டே போகும் குடும்பங்களைத் தெருவுக்கு இரண்டு காட்டலாம். ஒத்திப் பணத்தையும் ரொக்கமாக வாங்காதே, அதே 20,000 விதிதான். வாடகையே வாங்கவில்லை என்றாலும், அந்த வீட்டுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையை வருமான வரிக்குக் கணக்கில் எடுப்பார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

குடி வைப்பது

மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் டாக்டர்கள், நர்சுகள். விமானப்படைத் தளத்துக் குடும்பங்கள். வல்லம், திருமலைசமுத்திரம் பக்கம் மாணவர்கள். மாணவர்களுக்கு விட்டால் வாடகை கூடும், கோடை விடுமுறையில் காலியாகும். 2020-ல் காலேஜ்கள் மூடியபோது அந்தப் பக்கத்து அறைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்தலாம் என்று நினைத்தால், 2014-ஆம் வருஷச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். நான்கு கட்டில் போட்டுவிட்டு ஆரம்பிக்கும் வேலை இல்லை அது.

வாடகைச் சட்டம் மாறிவிட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் நின்றால் உன் பேச்சு எடுபடாது. ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். வாடகை தரவில்லை என்று தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்துவது குற்றம். மாப்பிள்ளைக்குக் கோபம் சீக்கிரம் வரும், அவரிடம் இதைத் தனியாகச் சொல்லி வை. “பன்னிரண்டு வருஷம் இருந்தா வீடு அவனுக்கே” என்று சின்ன மாமா பயமுறுத்துவாரே, அது வாடகைக்காரருக்குப் பொருந்தாது. ஒப்பந்தமும் வாடகை வாங்கிய வங்கிப் பதிவும் இருக்கும் வரை அவர் வாடகைக்காரர்தான்.

மாப்பிள்ளை சிங்கப்பூர் வேலைக்குப் போவதாகப் பேச்சு இருக்கிறதே, அப்படியானால் வீட்டை அவர் பேரில் போடாதே. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தருபவர், தொகை எவ்வளவு சின்னதானாலும், 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 12,000 ரூபாய் வாடகைக்கு அந்த வேலையைச் செய்ய நம் ஊரில் யார் வருவார்கள்?

சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. அந்த ரசீதைப் பத்திரமாக வை, வருமான வரியில் கழிக்க அதுதான் ஆதாரம்.

இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னால் இங்கே சிரிப்பார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டில் எத்தனை கூரை போனது என்று கேட்டுப் பார். பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விதியில் தரும் பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. புயல், வெள்ளம், தீ எல்லாம் அடங்கும். வீடு இடிந்து வாடகை நின்றுபோனால் அந்த வாடகை இழப்பும் அடங்கும். காப்பீட்டுத் தொகையை மனை விலையைச் சேர்க்காமல் கட்டுமான மதிப்புக்கு மட்டும் போடு.

பொங்கலுக்கு வரும்போது அந்த வீட்டின் மூலப்பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம் மூன்றின் நகலையும் எடுத்துக்கொண்டு வா. நமக்குத் தெரிந்த வக்கீலிடம் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் பீஸை நீ கொடுத்துவிடு. அம்மாவிடம் மாடி விஷயத்தை இப்போது எடுக்காதே, முதலில் இன்ஜினியர் வந்து பில்லரைப் பார்க்கட்டும்.